வீட்டைக் காட்டும் முன்னே நம்பர் எதற்கு? தென்காசி, குற்றாலத்தில் மனை தேடுபவர்கள் கேட்க வேண்டிய கேள்வி

தென்காசி மேலகரத்தில் ஒரு 2 பி.எச்.கே. வாடகை வீடு. போட்டோவில் மொட்டை மாடி, பின்னால் மலை, மலை மேல் மழை மேகம். வாடகை இருக்க வேண்டிய இடம் மட்டும் மங்கலாக இருந்தது. 'வாடகையையும் முகவரியையும் பார்க்க மொபைல் எண்ணைப் பதிவு செய்யுங்கள்' என்றது அந்த இணையதளம். இரவு பத்தரை மணி. சென்னையில் இருந்து ஊருக்குத் திரும்பும் நண்பனுக்காகத் தேடிக்கொண்டிருந்தேன். பெரிதாக யோசிக்காமல் நம்பரைக் கொடுத்தேன். ஓ.டி.பி. வந்தது, போட்டேன், பக்கம் திறந்தது. 'இந்த வீடு தற்போது கிடைக்கவில்லை.'

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது. மதியச் சாப்பாட்டுக்குள் ஏழு அழைப்புகள். ஒருத்தர்கூட மேலகரத்து வீட்டைப் பற்றிப் பேசவில்லை. "குற்றாலம் பக்கத்துல ஃபார்ம் லேண்ட் இருக்கு சார், வாசல்ல நின்னாலே சாரல் அடிக்கும்" என்றார் ஒருவர். இன்னொருவரிடம் கோயம்புத்தூரில் வில்லா இருந்ததாம். மூன்றாவது அழைப்பு, ஹோம் லோன் வேண்டுமா என்று. வாடகைக்கு வீடு தேடினவனிடம் வீட்டுக் கடன்!

ஊரில் யாரிடம் சொன்னாலும் "எனக்கும் இதே கதைதான்" என்கிறார்கள். எனவே கேள்வியை நேராகவே கேட்டுவிடலாம். ஒரு ரியல் எஸ்டேட் இணையதளம், தன்னிடம் உள்ள வீடு, மனை விவரங்களைத் தேடிப் பார்ப்பதற்கே பதிவு செய்யச் சொல்லலாமா? சொல்லக்கூடாது என்பதுதான் என் கருத்து. ஏழு அழைப்புகளின் எரிச்சலில் சொல்வதாக நினைக்க வேண்டாம். அழைப்பை பிளாக் பண்ணிவிடலாம். பிளாக் பண்ண முடியாத ஒரு நஷ்டம் இதில் இருக்கிறது.

தென்காசிக்கு இது ஏன் முக்கியம்?

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியில் இருந்து பிரிந்து தனி மாவட்டமானது தென்காசி. அதற்கு முன்பே, 2011-ல் மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் வந்துவிட்டது. ஐ.டி. வேலை செய்துகொண்டே ஊரோடு இருக்கலாம் என்ற எண்ணம் இங்கே புதிதல்ல. மாவட்டத் தலைநகர் என்றால் அரசு ஊழியர்கள் வருவார்கள், வாடகை வீடு தேவைப்படும். பக்கத்திலேயே குற்றாலம். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை சாரல் சீசனில் குளிக்க வருகிறவர்களில் பத்தில் ஒருவராவது ஐந்தருவியில் தலையைத் துவட்டிக்கொண்டே "இங்க ஒரு அஞ்சு சென்ட் வாங்கிப் போட்டா என்ன?" என்று யோசிப்பார் என்பது என் கணக்கு. அந்த நேரம் பார்த்துத்தான் இன்ஸ்டாகிராமில் அருவிச் சத்தத்தோடு மனை விளம்பரங்களும் வரிசை கட்டும்.

இதில் வாங்க நினைக்கிற பலர் வெளியூரில் இருக்கிறார்கள். சென்னை, பெங்களூரு, துபாய். உள்ளூர்க்காரருக்கு டீக்கடையில் விசாரித்தால் போதும், இலஞ்சியில் சென்ட் என்ன போகுது, வல்லத்தில் எந்தப் பக்கம் தண்ணீர் நல்லா இருக்கும் என்று தெரிந்துவிடும். பெங்களூருவில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த டீக்கடை கிடையாது. அவருக்கு இணையதளம்தான் ஜன்னல். அந்த ஜன்னலில் திரை போட்டால் யார் அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

(ஒரு சின்ன விஷயம். இங்கே நிலத்தைச் சென்ட்டில்தான் பேசுவார்கள். பல தளங்கள் சதுர அடியில் காட்டும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சென்னைக்காரர் சொல்லும் ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி, நம்ம ஊர் கணக்கில் சுமார் ஐந்தரை சென்ட். விலையை ஒப்பிடும்போது இந்தக் கணக்கில் ஏமாறுகிறவர்கள் உண்டு.)

மறைப்பது விலையை மட்டுமா?

இங்கேதான் நான் சொன்ன அந்த நஷ்டம். ஒரு மனை விளம்பரத்தில் உண்மையிலேயே பயன்படும் தகவல் அருவி போட்டோ கிடையாது. கிராமத்தின் பெயர், சர்வே எண், மனைப்பிரிவு அங்கீகார எண், ரெரா பதிவு எண், இந்த நான்கும்தான். இவை கையில் இருந்தால் தமிழ்நாட்டில் வீட்டில் உட்கார்ந்தே நிறைய சரிபார்க்கலாம்.

பதிவுத்துறையின் இணையதளத்தில் கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுத்தால் அந்த நிலத்தின் வழிகாட்டி மதிப்பு தெரியும். அதே தளத்தில் வில்லங்கச் சான்றிதழ் எடுத்தால், அந்தச் சொத்து யாரிடம் இருந்து யாருக்கு எப்போது கைமாறியது, அடமானம் இருக்கிறதா என்று பார்க்கலாம். வருவாய்த்துறையின் இ-சேவைத் தளத்தில் பட்டா யார் பெயரில் இருக்கிறது, நன்செயா புன்செயா என்று தெரியும். நிலத்தின் புலப்படமும் கிடைக்கும். பட்டா பார்க்க அங்கேயும் மொபைல் எண்ணும் ஓ.டி.பி.யும் கேட்கிறார்களே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் பட்டா பார்த்த குற்றத்துக்காக மறுநாள் காலை யாரும் போன் போட்டு "கிணத்துல வத்தாத தண்ணி சார்" என்று சொல்வதில்லை.

இந்த வசதிகள் எல்லாவற்றுக்கும் சாவி சர்வே எண். பதிவுச் சுவர் வைக்கும் பக்கங்களில் முதலில் மறைக்கப்படுவது அந்தச் சாவிதான். 'குற்றாலத்தில் இருந்து 15 நிமிடத்தில்' என்று இருக்கும். எந்த கிராமம் என்று இருக்காது. நம்பரைக் கொடுத்த பிறகாவது தெரியுமா? அழைப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். "நேர்ல வாங்க சார், ஸைட் விசிட்டுக்கு காரே அனுப்புறோம், டாக்குமெண்ட் எல்லாம் அங்க வச்சுப் பாத்துக்கலாம்" என்பார்கள். நீங்களாகச் சரிபார்த்துவிட்டுப் பேசுவதற்கும், பேச்சில் மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிட்டுச் சரிபார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! பார்க்கும் நிலை, பேசும் நிலை என்று இரண்டு இருக்கிறது. பதிவுச் சுவர் முதல் நிலையையே தூக்கிவிடுகிறது.

பண்ணை நிலம் என்று வரும்போது இது இன்னும் சிக்கல். 'இது விவசாய நிலம், அதனால் டி.டி.சி.பி., ரெரா எதுவும் தேவையில்லை' என்பது விற்பவர்கள் அடிக்கடி சொல்லும் பதில். நாளைக்கு அதில் வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்பது வேறு கேள்வி. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ஹாகா என்று சொல்லப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதியும் தேவைப்படும் கிராமங்கள் இருக்கின்றன. உங்கள் மனை அப்படிப்பட்ட கிராமத்தில் வருகிறதா என்று பார்க்க வேண்டுமானால், முதலில் கிராமத்தின் பெயர் தெரிய வேண்டுமே!

ரெரா என்ன சொல்கிறது?

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளையும் எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட குடியிருப்புத் திட்டங்களையும் பதிவு செய்யச் சொல்கிறது. 500 சதுர மீட்டர் என்பது சுமார் 12 சென்ட்தான். அதனால் தென்காசி சுற்றுவட்டாரத்தில் போடப்படும் 'நகர்'களில் பெரும்பாலானவை இதற்குள் வந்துவிடும். பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. பதிவு செய்த பிறகு செய்யும் விளம்பரத்திலும் ரெரா ஆணையத்தின் இணையதள முகவரியும் பதிவு எண்ணும் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்கிறது சட்டத்தின் 11-வது பிரிவு. பதிவு செய்யாமல் விற்றால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். அந்தத் திட்டங்களை விற்றுத்தரும் முகவர்களும் பதிவு செய்திருக்க வேண்டும்.

இதை வைத்துப் பாருங்கள். பதிவு எண் விளம்பரத்திலேயே தெரிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விளம்பரப் பக்கமோ 'உங்க நம்பரைக் கொடுங்க, அப்புறம் விவரம் சொல்றோம்' என்கிறது. யாரைப் பதிவு செய்யச் சொல்லிச் சட்டம் வந்ததோ அவர்கள் நம்மைப் பதிவு செய்யச் சொல்கிறார்கள். போலி விளம்பரங்களைத் தடுக்கத்தான் பதிவு கேட்கிறோம் என்று தளங்கள் சொல்வதும் இந்த இடத்தில் ஒட்டவில்லை. விளம்பரம் போடுகிறவரின் ஆவணத்தைச் சரிபார்த்தால் போலி குறையும். வேடிக்கை பார்க்க வந்தவரின் ஓ.டி.பி.யை வாங்கினால் எப்படிக் குறையும்?

ஆனால் வீட்டு உரிமையாளர் பக்கம்?

இந்தப் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. எங்க அத்தை வீட்டு மாடி போன வருஷம் காலியானது. தனியாக இருக்கிறவர். பையன் ஒரு தளத்தில் வாடகைக்குப் போட்டுவிட்டான். நம்பர் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது. சீசன் நேரம் வேறு. "ரெண்டு நாளைக்கு ரூம் கிடைக்குமாக்கா, அஞ்சு பேரு" என்று ராத்திரி பதினொரு மணிக்கு அழைப்பு. தரகர்கள் வேறு, ஆளுக்கொரு பெயரில். கடைசியில் அத்தை விளம்பரத்தை எடுக்கச் சொல்லிவிட்டு, பழையபடி கேட்டில் ஒரு அட்டையை மாட்டினார்.

ஆக, உரிமையாளரின் எண்ணை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று விடக்கூடாது. அவரைத் தொடர்புகொள்ள நினைப்பவர் தன்னை யார் என்று சொல்வதுதான் மரியாதை. 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், நோபுரோக்கர் போன்ற பெரிய தளங்களில் பொதுவாக லாகின் இல்லாமலேயே தேடலாம். உரிமையாளரைத் தொடர்புகொள்ளும்போதுதான் எண்ணைக் கேட்கும். கோடு போட வேண்டிய இடம் ஏறக்குறைய அதுதான். ஆனால் அங்கே கொடுக்கும் எண் அந்த ஒரு உரிமையாளருக்கு மட்டும் போக வேண்டும். மேலகரத்து வீட்டுக்காகக் கொடுத்த எண், கோயம்புத்தூர் வில்லாக்காரரிடம் எப்படிப் போனது என்பதுதான் பிரச்னை. டாக்ஸி ஆப்களில் டிரைவர் நம்பர் நமக்கும், நம் நம்பர் டிரைவருக்கும் தெரியாமலே பேச முடிகிறது. அத்தைக்கும் அந்த வசதியைக் கொடுக்கலாம், எனக்கும் கொடுக்கலாம். தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

தரகரின் பழைய பயம்

தளங்களின் வியாபாரக் காரணம் எளிமையானது. தேடுகிறவரிடம் பணம் வாங்குவதில்லை, அவரைப் பற்றிய தகவலை 'லீட்' ஆக்கி பில்டருக்கும் புரொமோட்டருக்கும் கொடுத்துப் பணம் பார்க்கிறார்கள். ஒரே லீட் நாலு பேருக்குப் போனால் நாலு மடங்கு வருமானம். நீங்கள் எந்த வீட்டைப் பார்த்தீர்கள் என்பதைவிட, நீங்கள் வீடு தேடுகிறீர்கள் என்பதுதான் அங்கே சரக்கு.

யோசித்துப் பார்த்தால் இதில் புதிதாக ஒன்றும் இல்லை. நம்ம ஊர் தரகர் அண்ணாச்சியும் வீட்டு முகவரியை முதலிலேயே சொல்ல மாட்டார். பைக்கில் ஏற்றி, சந்து சந்தாகச் சுற்றி, வாசலில் இறக்குவார். முகவரி தெரிந்தால் நாம் நேராக உரிமையாளரிடம் போய்விடுவோம், ஒரு மாத வாடகை கமிஷன் போய்விடும் என்ற பயம். நியாயமான பயம்தான், அவருக்கு அதுதான் பிழைப்பு. ஆனால் அண்ணாச்சி யார், எந்தத் தெரு, காசி விசுவநாதர் கோயில் பக்கம் எந்தக் கடையில் உட்கார்ந்திருப்பார் என்று நமக்குத் தெரியும். தொல்லை செய்தால் போய்ச் சண்டை போடலாம். இணையதளத்தில் நம் நம்பர் யாரிடம் போனது என்றே தெரியாதபோது யாரிடம் சண்டை போடுவது?

அமெரிக்காவில் இதே பயம் நீதிமன்றம் வரை போனது. அங்கே தரகர்கள் தங்களிடம் உள்ள வீடுகளை ஒரு பொதுத் தொகுப்பில் பகிர்ந்துகொள்வார்கள். இணையம் வழியாக வேலை செய்யும் தரகர்களுக்கு அந்தத் தகவலைக் கொடுக்காமல் மறைக்க இடம் தரும் விதிகளை தேசிய தரகர்கள் சங்கம் கொண்டுவந்தபோது, 2005-ல் அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. 2008-ல் சமரசமாக முடிந்தது. அங்கே இன்றைக்கும், முழுத் தகவலையும் காட்டும் ஒரு வகைத் தரகர் தளத்தில் பதிவு செய்துதான் பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் பதிவுக்கு அடிப்படையாகக் கேட்பது பெயரும் இமெயிலும். ஜில்லோ, பிரிட்டனின் ரைட்மூவ் போன்ற பெரிய தளங்களில் விலையோடு சேர்த்து எவரும் சும்மா பார்க்கலாம். அதனால் அந்தக் கம்பெனிகள் ஒன்றும் மூடப்படவில்லை.

நம் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

2023 மே மாதம், பில் போடும்போது வாடிக்கையாளரின் மொபைல் எண்ணைக் கட்டாயப்படுத்திக் கேட்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு நவம்பர் 30-ல் 'டார்க் பேட்டர்ன்'களைத் தடுக்கும் வழிகாட்டுதல்கள் வந்தன. பயனாளரை ஏமாற்றும், நிர்பந்திக்கும் 13 வகையான வடிவமைப்புத் தந்திரங்கள் அதில் பட்டியலிடப்பட்டுள்ளன. அதில் ஒன்று 'கட்டாயப்படுத்தும் செயல்'. ஒரு பொருளையோ சேவையையோ பெறுவதற்குத் தேவையில்லாத தனிப்பட்ட தகவலைக் கொடுக்க வைப்பதும் இதில் வரும். விவரத்தை வெறுமனே பார்ப்பதற்கு எண் கேட்பதும் இதற்குள் வருமா? வராது என்று ஒரு நிறுவனத்தின் வக்கீல் வாதாடலாம், வாங்குவது வேறு பார்ப்பது வேறு என்று. ரியல் எஸ்டேட்டுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்னை முடிந்துவிடும்.

இன்னும் வலுவான ஆயுதம் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சம்மதம் என்பது சுதந்திரமாக, நிபந்தனை இல்லாமல், குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட வேண்டும். அந்த நோக்கத்துக்குத் தேவையான தகவலை மட்டுமே வாங்க வேண்டும். சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். எனக்குப் பிடித்த அம்சம் இன்னொன்று. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி தர வேண்டும். அதில் தமிழும் உண்டு. 'ஐ அக்ரீ' என்று டிக் அடித்த கையோடு என்னவெல்லாம் ஒப்புக்கொண்டோம் என்று அத்தையும் தமிழில் படிக்கலாம். ஆனால் அவசரப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் அதில் இருந்து 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் என்பதுதான் அந்த அறிவிப்பு.

அதுவரை என்ன செய்யலாம்?

நம்பர் கேட்கும் பக்கத்தில், கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் அந்த டிக் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். 'டி.என்.டி.யில் பதிவு செய்திருந்தாலும் எங்களையும் எங்கள் பங்குதாரர்களையும் அழைக்க அனுமதிக்கிறேன்' என்ற வரி பல இடங்களில் இருக்கும். அதை ஒப்புக்கொண்டால் டி.என்.டி. உங்களைக் காப்பாற்றாது. பெட்டி முன்கூட்டியே டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

1909-க்கு போன் செய்தோ எஸ்.எம்.எஸ். அனுப்பியோ டி.என்.டி.யில் பதிவு செய்யலாம். ரியல் எஸ்டேட் அதில் தனிப் பிரிவாகவே இருக்கிறது, அதை மட்டும்கூடத் தடுக்கலாம். விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களில் இருந்துதான் வர வேண்டும். சாதாரண பத்து இலக்க மொபைல் எண்ணில் இருந்து மனை விற்க அழைத்தால், ட்ராய் டி.என்.டி. ஆப்பில் புகார் கொடுங்கள். முன்பு மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று இருந்ததை, 2025 பிப்ரவரியில் ஏழு நாளாக்கியிருக்கிறார்கள். டி.என்.டி.யில் பதிவு செய்யாதவரும் இப்படிப்பட்ட எண்கள் மீது புகார் கொடுக்கலாம்.

மனை விளம்பரம் என்றால், போனில் பேசுகிறவரிடம் முதல் கேள்வியாகவே கேட்டுவிடுங்கள்: "எந்த கிராமம், சர்வே நம்பர் என்ன, ரெரா நம்பர் என்ன? வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பாத்துட்டு நானே கூப்பிடுறேன்." எனக்கு வந்த ஏழு அழைப்புகளில் மனை விற்க வந்த மூன்று பேரிடம் இதைக் கேட்டேன். ஒருவர் அனுப்பினார். ஒருவர் ஸைட் விசிட்டுக்கு வரச் சொன்னார். ஒருவர் லைனைத் துண்டித்துவிட்டார். நண்பனுக்கு வீடு கிடைத்துவிட்டது. மேலகரத்திலேயே, கேட்டில் மாட்டியிருந்த ஒரு அட்டையைப் பார்த்து.